மக்காத குப்பை

பதினோரு மாதமாக கீபோர்டின் மேல்
ஒரு பூப்போட்ட மேசைவிரிப்பு.
அதன்மேல் மின்கட்டண அட்டை,
சில்லறை போட்டு வைக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில்,
நான்கு டியூஷன் பிள்ளைகளின் வருகைப் பதிவேடு.
பாடம் நடத்த விரிப்பைப் பாதி மடிப்பேன்.
பாதிக் கட்டைகள் போதும் அவர்களுக்கு.
எனக்கும்.

எதுவும் வரவில்லை என்பது பொய்.
வந்தது. வந்ததெல்லாம்
ஏற்கெனவே வந்தது.
நாலு சுரம் வைத்தால்
ஐந்தாவதாக நிற்பது யாரென்று தெரிந்துவிடுகிறது,
பொன்னகரத்தில் என் கதவுக்கு வருகிறவர்களைத்
தட்டும் தட்டிலேயே தெரிவது போல.
திறக்கத் தோன்றவில்லை.
நடந்தால் சரியாகும் என்றார்கள்.
யானைக்கல் பாலம் வரை நடந்தேன்.
ஆற்றில் தண்ணீரைவிட எருமைகள் அதிகம்.
அவற்றுக்கும்கூட என்னிடம்
பழைய மெட்டு ஒன்று தயாராக இருந்தது.

ஆடியில் கவுன்சிலர் ஆள் அனுப்பினார்.
குப்பை வண்டிக்கு மெட்டு வேண்டுமாம்,
மக்கும் குப்பை, மக்காத குப்பை,
நாலே நாலு வரி. இரண்டாயிரம் ரூபாய்.
"சினிமாப் பாட்டு போட்டா
சனம் நின்னு கேக்குது டீச்சர்,
குப்பையக் கொண்டாற மாட்டேங்குது."
கரண்ட் பில்லுக்குக் கடைசி நாள் அது.
சோறு வேகும் நேரத்தில் முடித்தேன்,
வெட்கமில்லாமல், எனக்குத் தெரிந்த
எல்லாப் பழைய படிகளிலும் இறங்கி,
நான்காம் வரியில்
ஒழுங்காகச் சட்ஜத்தில் கால் வைத்தேன்.

மறுவாரம் முதல் காலை ஆறே முக்காலுக்கு
ஒச்சம்மாவின் பேட்டரி வண்டி
அதைத் தெருவுக்குள் இழுத்து வந்தது.
முதல் வரிக்கு மாவு மில்.
இரண்டாம் வரிக்கு லூர்து வீட்டு நாய்.
மூன்றாம் வரி முடிய என் வாசல்.
அங்கே அவள் சாவியைத் திருப்பிவிடுவாள்.
பாட்டும் அணைந்துபோகும்.
மறுபடி கிளப்பினால் முதலில் இருந்து.
"பேட்டரி நிக்கணும்லக்கா,
இன்னும் எட்டுத் தெரு கெடக்கு."

தெருவில் ஒருவருக்கும் நான்காம் வரி தெரியாது.
வாளியோடு வந்தவர்கள்
அந்தரத்தில் நின்ற மெட்டோடு
வீட்டுக்குள் திரும்பிப் போனார்கள்.
எனக்குப் பல் கூசியது.
ஒருநாள் ஓடிப்போய்ச் சொல்லப் பார்த்தேன்,
இன்னும் ஆறு வினாடிதான் ஒச்சம்மா, விட்டுவிடேன்.
கையில் மீன்செதில் வாளி இருந்தது.
சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒரு மாலை
முக்கு இஸ்திரி வண்டியில் மாயகிருஷ்ணன்
கரியை விசிறிக்கொண்டே சீட்டியடித்தார்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பிறகு நான்கு.
என்னுடையதல்ல.
இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல்
ரிஷபத்திலேயே நின்று,
பெட்டி துணியில் விழும்வரை காத்திருந்து,
பக்கவாட்டில் எங்கேயோ போனது அது.
சட்டைக் காலரைத் திருப்புகிற நேரம்
அதில் ஓர் இடைவெளி.
தப்பு, என்றாள் எனக்குள்ளிருந்த டீச்சர்.
மறுபடி அடிக்க மாட்டாரா என்றிருந்தது.

அடுத்த நாள் தேய்க்கக் கொடுக்க ஒன்றுமில்லை.
கொடியில் காய்ந்த குளியல் துண்டை எடுத்துப் போனேன்.
"துண்டையா?"
"துண்டைத்தான்."
ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தேய்த்தார்.
சீட்டியடிக்கவே இல்லை.
ஆள் நின்றால் வராது போல, அவருக்கும்.
பத்து ரூபாய் கொடுத்துத்
திரும்பி நாலடி வைத்ததும் தொடங்கியது.
இம்முறை வேறு மாதிரி முடித்தார்.
முடித்தார் என்றும் சொல்ல முடியாது.

சூடான துண்டைத் தோளில் போட்டபடி
உள்ளே போய் விரிப்பை உருவினேன்.
ஹார்லிக்ஸ் பாட்டில் உருண்டு சில்லறை சிதறியது.
அப்புறம் பொறுக்கலாம்.
மூன்று வரிகளையும் வாசித்தேன்.
என் வாசலில் நிறுத்தினேன்.
சாவியைத் திருப்பினேன்.

எவ்வளவு நேரமோ. யாரோ கதவைத் தட்டினார்கள்,
யாரென்று பிடிபடவில்லை.
"தெறந்துதான் இருக்கு" என்று கத்திவிட்டு
அடுத்த கட்டையைத் தேடினேன்.

மாயகிருஷ்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை.
வாரம் ஒருமுறை போகிறேன்.
மதுரையிலேயே என் வீட்டில்தான்
எல்லாத் துண்டுகளும்
மடிப்புக் கலையாமல் இருக்கின்றன.